ஆட்டுக்கல் யந்திரமும் அழகிய பழைய வண்டியும்

யானையை விலைக்கு வாங்கிவிட்டு அங்குசம் வாங்க யோசித்து நின்றவனைப் பற்றி நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. அதைச் சொன்ன பெரியவர் மோட்டார் வண்டியைக் கண்டவரல்லர். ஆயினும், பழைய மோட்டார் வண்டி வாங்கப் புறப்படும் ஒவ்வொருவரும் கூடத்துச் சுவரில் எழுதி மாட்டிக் கொள்ளத் தக்க வாக்கியம் அது. வண்டியின் விலை வேறு. வண்டியின் செலவு வேறு. விலையை ஒரே நாளில் கொடுத்துத் தீர்த்து விடலாம். செலவோ, வண்டி வாசலில் நிற்கும் வரையில் தானும் வாசலிலேயே நிற்கும்.

எல்லாப் பழைய வண்டிகளுக்கும் பொதுவான இந்த உண்மை, ‘கூப்பே’ என்று சொல்லப்படும் வேக வண்டிகளுக்கு இரு மடங்கு பொருந்தும். தாழ்ந்த கூரை, நீண்ட முகம், பின்புறம் சரிந்து இறங்கும் முதுகு இவற்றோடு கூடிய இந்த வண்டிகளை மனிதர்கள் கண்ணால் வாங்குகிறார்கள். பிறகு பணப்பையால் விற்று விடுகிறார்கள். ஆகையினால்தான் பத்துப் பதினைந்து வயதான கூப்பே வண்டிகள், பிறந்தபோது இருந்த விலையில் ஒரு சிறு பகுதிக்கே சந்தையில் கிடைக்கின்றன.

அவற்றுள் மிகவும் விசித்திரமானது ஒன்று உண்டு. ஜப்பான் தேசத்தில் ஹிரோஷிமா நகரத்து மாஸ்டா கம்பெனியார் 2003-ஆம் வருஷம் முதல் 2012-ஆம் வருஷம் வரையில் செய்து விற்ற ‘ஆர். எக்ஸ். 8’ என்னும் வண்டிதான் அது. ஜப்பானிலும் இங்கிலாந்திலும் அதைப் பழைய விலைக்கு வாங்க விரும்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதைக் கண்டு அஞ்சி ஓடுகிறவர்கள் அவர்களைக் காட்டிலும் அதிகம். அந்த அச்சத்தில் பாதி நியாயமானது. மற்றப் பாதி அறியாமையால் வந்தது. எது எந்தப் பாதி என்று தெரிந்து கொள்ள வேண்டுமானால், முதலில் அந்த வண்டியின் வயிற்றுக்குள் இருக்கும் யந்திரத்தைப் பார்க்க வேண்டும்.

உலக்கையும் ஆட்டுக்கல்லும்

சாதாரண மோட்டார் யந்திரத்தில் பிஸ்டன் என்பது ஒரு குழாய்க்குள் மேலும் கீழும் போய் வருகிறது. உரலில் உலக்கை போடுவதைப் போன்றது அதன் வேலை. மேலே போய் ஒரு கணம் நின்று, திரும்பிக் கீழே வந்து ஒரு கணம் நின்று, மறுபடியும் மேலே போக வேண்டும். அந்த ஆட்டத்தைச் சுழற்சியாக மாற்றிய பிறகே சக்கரத்துக்குக் கொடுக்க முடியும்.

“இந்த உலக்கை வேலை எதற்கு? யந்திரம் ஆரம்பம் முதலே சுழன்றால் என்ன?” என்று யோசித்தவர் ஜெர்மானியராகிய பெலிக்ஸ் வாங்கெல். அவர் நம் வீட்டு ஆட்டுக்கல்லைக் கண்டிருக்க மாட்டார். ஆனால் அவர் மனத்தில் உதித்தது ஏறக்குறைய அதுதான். நிலக்கடலைத் தோட்டைப் போல் நடுவில் சற்றே இடுங்கிய ஓர் அறை. அதற்குள் குழவியைப் போலச் சுழலும் ஒரு ரோட்டர். இந்த ரோட்டர் மூன்று மூலைகளும், சற்றே உப்பிய மூன்று பக்கங்களும் உடையது. அது சுழலச் சுழல, ஒவ்வொரு பக்கத்துக்கும் அறைச் சுவருக்கும் நடுவிலுள்ள இடம் பெரிதாகிச் சிறிதாகிறது. பெட்ரோல் ஆவியை உள்ளே இழுப்பது, நெருக்குவது, கொளுத்துவது, புகையை வெளியே தள்ளுவது ஆகிய நான்கு காரியங்களும் அங்கேயே நடந்து விடுகின்றன. ஜெர்மனியில் என். எஸ். யு. கம்பெனியின் தொழிற்சாலையில் 1957-ஆம் வருஷத்தில் இத்தகைய யந்திரம் முதன் முதலாக ஓடிற்று.

ஆர். எக்ஸ். 8 வண்டியில் இப்படிப்பட்ட ரோட்டர்கள் இரண்டு உண்டு. இரண்டும் சேர்ந்து 1308 கன சென்டிமீட்டர் அளவுதான். அதே அளவுள்ள பிஸ்டன் யந்திரம் அந்நாளைய குடும்ப வண்டிகளில் நூறு குதிரைச் சக்தியை எட்டுவதே அரிதாக இருக்க, இது ஜப்பானில் 250 குதிரைச் சக்தியோடு விற்பனைக்கு வந்தது. நிமிஷத்துக்கு 9000 சுற்று வரையில் தையல் யந்திரம் போல வழவழவென்று சுழலும். உருவத்தில் சிறியதாகையால் யந்திரத்தை முன் அச்சுக்குப் பின்னாலே தள்ளி வைக்க முடிந்தது. வண்டியின் பாரம் முன்னும் பின்னும் சரிபாதியாக அமைந்தது. வளைவுகளில் இந்த வண்டி திரும்பும் நேர்த்தியைப் பகைவர்களும் குறை சொன்னதில்லை. போதாக்குறைக்கு, நால்வர் உட்கார இடமும், பின்னிருக்கைக்கு எதிர்ப்புறமாகத் திறக்கும் இரண்டு சிறு கதவுகளும் உண்டு. குழந்தை குட்டிகள் உள்ள குடும்பஸ்தருக்கும் சபலம் தட்டுவதற்கு இதைக் காட்டிலும் என்ன வேண்டும்?

ஆனால் ஆட்டுக்கல்லில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரோட்டரின் மூன்று மூலைகளும் அறையின் சுவரை எந்நேரமும் தடவிக் கொண்டே போக வேண்டும். சிறிது இடைவெளி விட்டாலும் நெருக்கிய ஆவி கசிந்து போகும். யந்திரம் உயிரற்றதாகி விடும். ஆகவே ஒவ்வொரு மூலையிலும் மெல்லிய தகடு ஒன்று வில்லின் பலத்தால் சுவரோடு அழுந்தி நிற்கிறது. இந்த முனைத் தகடுகளைச் சுற்றித்தான் நமது கதை முழுவதும் சுழலுகிறது.

ஒரு நகரத்தின் மானம்

மாஸ்டா கம்பெனி 1920-ஆம் வருஷத்தில் ஹிரோஷிமாவில் தக்கை செய்யும் தொழிற்சாலையாகத் தோன்றிற்று. 1931-இல் மூன்று சக்கரச் சிறு லாரிகள் செய்யத் தொடங்கிற்று. 1945 ஆகஸ்டு 6-ஆம் தேதி அந்நகரத்தின்மீது அணுகுண்டு விழுந்தது. தொழிற்சாலை நகர மத்தியிலிருந்து விலகி, இடையில் ஒரு குன்று மறைத்த இடத்தில் இருந்தபடியால் முழு நாசத்திலிருந்து தப்பிற்று. இடிந்து போன மாகாண அரசாங்கக் காரியாலயம் சில காலம் அந்தத் தொழிற்சாலைக் கட்டடத்திலேயே நடந்தது. அவ்வருஷம் டிசம்பர் மாதத்திலேயே மூன்று சக்கர லாரிகள் மறுபடியும் வெளிவரத் தொடங்கின.

1960-க்குப் பிறகு வேறொரு விதமான ஆபத்து வந்தது. ஜப்பானிய அரசாங்கத்தார், நாட்டிலுள்ள மோட்டார்க் கம்பெனிகளைச் சில பெரிய கூட்டங்களாக இணைத்து விட வேண்டுமென்று திட்டம் போட்டார்கள். சின்னக் கம்பெனிகள் பெரியவற்றின் வயிற்றில் மறைய வேண்டியதுதான். மாஸ்டாவின் தலைவராயிருந்த ஸுநெஜி மாத்ஸுதா, வேறு எவரிடமும் இல்லாத ஒரு வித்தை தம்மிடம் இருந்தாலன்றித் தனித்து நிற்க முடியாது என்று கண்டார். ஜெர்மனிக்குப் போய் வாங்கெல் யந்திரத்தைச் செய்யும் உரிமையைப் பெற்று வந்தார்.

வந்து சேர்ந்த யந்திரம் வித்தையாக இல்லை; தலைவலியாக இருந்தது. சில மணி நேரம் ஓடியதும் முனைத் தகடுகள் அதிர்ந்து அறைச் சுவரில் அலை அலையாகக் கீறல் போட்டன. ‘பிசாசின் நகக் கீறல்’ என்று ஜப்பானியர் அதற்குப் பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ என்னும் எஞ்சினியரின் தலைமையில் 47 பேர் அந்தக் கீறலோடு மல்லுக்கு நின்றார்கள். ஜப்பானியரின் பழங்கதையில் எஜமானின் மானத்துக்காக உயிர் கொடுத்த வீரர்களும் 47 பேரே. ஆகவே இவர்களுக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. கரியும் அலுமினியமும் சேர்ந்த தகடு ஒன்றைக் கண்டு பிடித்துக் கடைசியில் கீறலை வென்றார்கள். 1967 மே மாதத்தில் ‘காஸ்மோ ஸ்போர்ட்’ என்னும் கூப்பே வண்டி வெளிவந்தது.

அதே 1967-இல் ஜெர்மனியின் என். எஸ். யு. கம்பெனியாரும் ‘ரோ 80’ என்னும் அழகான வண்டியைச் சுழல் யந்திரத்தோடு கொண்டு வந்தார்கள். தகடுகள் தேய்ந்தன; யந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன; மாற்றிக் கொடுத்தே கம்பெனி களைத்துப் போயிற்று. 1969-இல் அது வோல்க்ஸ்வாகன் கூட்டத்தில் சேர்ந்து மறைந்தது. யந்திரம் பிறந்த வீடு கைவிட்டது. புகுந்த வீடு காப்பாற்றியது.

சுதேசியம் என்றால் நம்மிடம் எல்லாம் ஏற்கெனவே இருந்தது என்று மார் தட்டுவது என்று சிலர் நினைக்கிறார்கள். ஹிரோஷிமாக்காரர்கள் காட்டிய வழி வேறு. பிறர் கண்ட கருத்தை நாணமின்றிக் கடன் வாங்கினார்கள். பிறரால் முடிக்க முடியாததைத் தங்கள் உழைப்பால் முடித்துத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். 1991-ஆம் வருஷம் பிரான்ஸ் தேசத்தில் லெ மான் நகரில் நடந்த இருபத்து நான்கு மணி நேரப் பந்தயத்தில், மாஸ்டாவின் 787பி வண்டி நான்கு ரோட்டர் யந்திரத்தோடு முதலாவதாக வந்தது. ஜப்பானியர் செய்த வண்டி ஒன்று அந்தப் பந்தயத்தில் வென்றது அதுவே முதல் தடவை.

மாஸ்டா என்ற பெயர் நமக்கும் அந்நியமானதன்று. 1980-களில் பஞ்சாபில் ‘சுவராஜ் மாஸ்டா’ என்னும் கூட்டு ஸ்தாபனம் தோன்றிச் சிறு லாரிகளும் பஸ்களும் செய்தது நேயர்களில் பலருக்கு நினைவிருக்கும். அவற்றில் இருந்தது சாதுவான டீஸல் யந்திரம். சுழல் யந்திரத்தின் சேஷ்டைகள் எதுவும் அதற்குக் கிடையாது.

ஜாதகம் பார்த்தல்

நிற்க. இத்தகைய கீர்த்தி வாய்ந்த யந்திரமுள்ள வண்டி ஏன் மலிந்து போயிற்று?

காரணம் இதுதான்: பிஸ்டன் வண்டியைப் போல நடத்தினால் இது செத்துப் போகும். முதலில் புதிதாக வாங்கியவர்களில் பலர் அழகைப் பார்த்து வாங்கினார்கள். கம்பெனியார் கொடுத்த கைநூலைப் படிக்கவில்லை. இரண்டாவதாக வாங்கியவர்கள் மலிவைப் பார்த்து வாங்கினார்கள். கைநூலே அவர்கள் கைக்கு வரவில்லை. மூன்றாவது மனிதரிடம் வந்து சேருவதற்குள் முனைத் தகடுகள் தேய்ந்து விட்டன. அமெரிக்காவில் மாஸ்டா கம்பெனியாரே இந்த யந்திரத்தின் உட்பாகத்துக்குக் கொடுத்திருந்த உத்தரவாதத்தை எட்டு வருஷம் அல்லது ஒரு லட்சம் மைல் என்று பின்னால் நீட்டிக் கொடுக்கும்படி ஆயிற்று.

ஆகவே, வாங்கப் போகிறவர் வர்ணத்தையும் சக்கரத்தின் பளபளப்பையும் பார்ப்பதற்கு முன்னால் ஜாதகத்தைக் கேட்க வேண்டும். இந்த யந்திரத்துக்கு ஜாதகம் என்பது ஆறு எண்கள். ரோட்டர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கம் மூன்று, ஆகப் பக்கத்துக்கு ஓர் எண்ணாக, நெருக்கும் அழுத்தம் எவ்வளவு என்று அளந்து எழுதிய காகிதம். நல்ல யந்திரத்தில், நிமிஷத்துக்கு 250 சுற்று வேகத்தில், 830 கிலோ பாஸ்கல் இருக்க வேண்டும். 680-க்குக் கீழே இறங்கினால் ஆயுள் முடிந்தது என்று பொருள். ஒரே ரோட்டரின் மூன்று பக்கங்களுக்குள் 150-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலும், இரண்டு ரோட்டர்களுக்குள் 100-க்கு மேல் இருந்தாலும் அபாயமே. பிஸ்டன் யந்திரத்தை அளக்கும் சாதாரணக் கருவி இதற்கு உதவாது. அது மூன்று பக்கங்களில் மிகவும் பலமுள்ள பக்கத்தின் அளவை மட்டும் காட்டி, நோஞ்சான் பக்கத்தை மறைத்து விடும். சுழல் யந்திரத்துக்கென்றே ஏற்பட்ட கருவியால் அளந்திருக்க வேண்டும்.

“அந்தக் காகிதமெல்லாம் எதற்கு? வண்டி நன்றாய்த்தானே ஓடுகிறது?” என்று விற்பவர் சொன்னால், கும்பிடு போட்டு விட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.

காகிதத்தோடு கண்ணாலும் ஒரு சோதனை செய்யலாம். வண்டியை அரை மணி நேரம் ஓட்டி, யந்திரம் நன்றாகச் சூடேறிய பிறகு நிறுத்துங்கள். ஐந்து பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும் கிளப்புங்கள். உடனே கிளம்பினால் நல்லது. நெடுநேரம் இருமி முனகிப் பிறகு கிளம்பினால், அழுத்தம் குன்றிவிட்டது என்று அறியலாம். குளிர்ந்த நிலையில் இதை மறைக்க முடியும். சூட்டில் மறைக்க முடியாது. 2008-இல் வெளிவந்த திருத்திய பதிப்பில் எண்ணெய் ஊட்டும் ஏற்பாடு மேம்படுத்தப்பட்டது. கொஞ்சம் விலை கூடினாலும், முடியுமானால் அந்த வண்டிகளையே தேட வேண்டும்.

நித்திய கர்மங்கள்

நல்ல வண்டியாகவே அமைந்தது என்று வைத்துக் கொள்வோம். இனி அதை உயிரோடு வைத்திருக்கும் முறை என்ன?

முதலாவது எண்ணெய். அகல் விளக்கைப் போல இந்த யந்திரமும் எண்ணெய் குடிக்கும். அது நோயன்று, பிறவிக் குணம். முனைத் தகடுகள் வழுக்கிச் செல்வதற்காக யந்திரமே சிறிது எண்ணெயை அறைக்குள் தெளித்து எரித்து விடுகிறது. இது தெரியாமல், ஆறு மாதத்துக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றினால் போதும் என்றிருந்தவர்களின் வண்டிகள் எண்ணெய் வற்றிப் போய் மடிந்தன. இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை அளவுக் கம்பியை எடுத்துப் பார்ப்பது என்று விரதம் எடுத்துக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, குளிர்ந்த யந்திரத்தைக் கிளப்பி உடனே நிறுத்தலாகாது. கொட்டகையிலிருந்து வாசலுக்கு நகர்த்துவதற்காகக் கிளப்பிப் பத்தடி ஓட்டி நிறுத்தினால், எரியாத பெட்ரோல் ஸ்பார்க் பிளக்குகளை நனைத்து விடும்; தகடுகளின்மேல் படிந்த எண்ணெயையும் கழுவி விடும். மறு நாள் எத்தனை மன்றாடினாலும் கிளம்பாது. இப்படி நேர்ந்து விட்டால், ஆக்ஸிலரேட்டர் மிதியைத் தரையோடு அழுத்திக் கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். அப்போது பெட்ரோல் வருவது நின்று, உள்ளே தேங்கியது வெளியேறும். பாட்டரியும் ஸ்டார்ட்டரும் பலமாக இருப்பது இதற்கு அவசியம்.

மூன்றாவது, இக்னிஷன் காயில்கள் நான்கு. அவற்றில் ஒன்று சோர்ந்தாலும் எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குப் போய், அங்குள்ள காடலிடிக் கன்வர்ட்டரில் எரியும். கன்வர்ட்டர் உருகி அடைத்துக் கொள்ளும். வெளியேற வழியில்லாத சூடு யந்திரத்துக்கே திரும்பும். சிறு காயிலுக்கு மிச்சம் பிடித்துப் பெரிய யந்திரத்தைப் பலி கொடுத்தவர்கள் அநேகர். நான்கையும் ஒரே தடவையில் மாற்றி விடுவதே புத்திசாலித்தனம்.

நான்காவது, வேகம். நேயர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம்: இந்த வண்டியை மெதுவாகவே ஓட்டிக் கொண்டிருப்பதும் தவறு. கடைக்குப் போவதற்கும் பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கும் மட்டும் பயன்படுத்தினால், உள்ளே கரி படிந்து தகடுகள் தங்கள் இடத்தில் ஒட்டிக் கொள்ளும். யந்திரம் நன்றாகச் சூடேறிய பின், வழி தெளிவாக உள்ள இடத்தில், கியரைத் தாழ்த்திச் சுற்று வேகத்தை உயரே கொண்டு போக வேண்டும். இதற்குச் சட்டத்தை மீற வேண்டியதில்லை. இரண்டாவது கியரிலேயே காரியம் முடிந்து விடும். சூடேறுமுன் இதைச் செய்தாலோ, அதைவிடப் பெரிய துரோகம் வேறில்லை.

வரவு செலவு

இனிக் குடும்பக் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏழு, எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்கலாகாது. ஜப்பானில் வரி விதிப்பதற்காகச் சுழல் யந்திரத்தின் அளவை ஒன்றரையால் பெருக்கிக் கணக்கிடுவார்கள். 1308 என்பது 1962 ஆகிறது. 2000-க்கு உட்பட்ட வகுப்பில் மயிரிழையில் தப்புகிறது. ஆனால் பதின்மூன்று வயதைக் கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து வீதம் வரி கூடுகிறது. முதலில் வந்த ஆர். எக்ஸ். 8 வண்டிகள் 2016-லேயே அந்த வயதை எட்டி விட்டன. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அரசாங்கப் பரிசோதனைக்கும் பணம் கட்ட வேண்டும். இங்கிலாந்திலோ வெளிவிடும் புகையைப் பொறுத்து வரி. 2006 மார்ச் 23-ஆம் தேதிக்கு முன்னால் பதிவானவற்றுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அன்று முதல் பதிவானவை மிக உயர்ந்த வகுப்பில் அகப்பட்டுக் கொண்டன. ஒரே மாதிரி இரண்டு வண்டிகள் அருகருகே நின்றாலும், ஒன்றுக்கு வருஷ வரி மற்றதைவிட வெகு அதிகமாயிருக்கும். பனிக் காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடாகையால், பின் சக்கர வளைவுகளில் துருவையும் தேட வேண்டும்.

இவற்றையெல்லாம் காட்டிலும் பெரிய செலவு, என்றோ ஒரு நாள் யந்திரத்தைப் பிரித்துத் தகடுகளை மாற்றிப் புதுப்பிப்பது. சுழல் யந்திரத்தில் உள்ள பாகங்கள் சொற்பம். ஆனால் கை தேர்ந்தவர்களும் சொற்பம். அந்தச் செலவு, வண்டி வாங்கிய விலையையே எட்டிப் பிடித்து விடக் கூடும். ஆகவே, ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு கட்டங்கள் வரைந்து, முதற் கட்டத்தில் வண்டியின் விலையை எழுதுங்கள். அதே தொகையை இரண்டாவது கட்டத்திலும் எழுதுங்கள். இரண்டையும் கூட்டிய தொகை கையில் இருந்தால் வாங்கலாம். முதற் கட்டத்துக்கு மட்டுமே பணம் இருந்தால், பிஸ்டன் வண்டி ஒன்றை வாங்கிச் சௌக்கியமாக இருப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. குழந்தைகளின் பள்ளிச் சம்பளத்தில் கை வைத்து வாங்க வேண்டிய வண்டி உலகத்தில் கிடையாது.

புகைச் சட்டங்கள் கடுமையானதும், 2010-இல் ஐரோப்பாவிலும் 2012-இல் ஜப்பானிலும் ஆர். எக்ஸ். 8 விடை பெற்றது. உலகத்தில் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் விற்றிருந்தன. அத்தோடு கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் 2023-ஆம் வருஷத்தில் மாஸ்டா கம்பெனியார் ஒற்றை ரோட்டர் யந்திரம் ஒன்றைச் செய்து, ‘எம். எக்ஸ். 30’ என்னும் மின்சார வண்டியில் பாட்டரிக்கு மின்சாரம் உண்டாக்கும் வேலைக்கு வைத்தார்கள். சக்கரத்தைச் சுழற்றும் உரிமை போயிற்று. ஆயினும் குழவி நிற்கவில்லை.

செத்த யந்திரத்தோடு கொல்லையில் கிடக்கும் ஒவ்வோர் ஆர். எக்ஸ். 8-ம், 47 பேர் நான்கு வருஷம் உறக்கமின்றிச் செய்த வேலை ஒரு குவளை எண்ணெய் ஊற்ற ஆளில்லாமல் வீணானதற்குச் சாட்சி. இன்றும் ஓடிக் கொண்டிருக்கும் வண்டியைப் பார்த்தால் அதன் சொந்தக்காரர் பணக்காரர் என்று எண்ண வேண்டாம். பெட்ரோல் போடும் இடத்தில் மற்றவர்கள் காசை எண்ணிக் கொண்டு நிற்கையில், அவர் யந்திர மூடியைத் திறந்து அளவுக் கம்பியைத் துடைத்துக் கொண்டிருப்பார்.